மொட்டைக்கோழியின் முதுகு

மொட்டைக்கோழியின் முதுகில் மறுபடியும் ரத்தம். அதைக் கொத்திய கறுப்பிக் கோழியைக் குறிபார்த்து ஆவுடையப்பன் கையிலிருந்த விளக்குமாற்றை எறிந்தார். கறுப்பி மேல் படவில்லை. தண்ணீர்ச் சட்டியில் பட்டது. சட்டி உடைந்தது. கறுப்பி ஓடக்கூட இல்லை. உடைந்த சட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை நிதானமாகக் குடித்தது.

"அம்மா, நான் கிளம்புதேன்!" என்று கத்தினார்.

கோமதி அம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள்தான் அந்த மடத்துக்குக் குரு. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது சின்னவள்.

"எங்க கிளம்புதீங்க?"

போக அவருக்கு இடம் ஏது? அவர் ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். மருமகளோடு சண்டை போட்டுவிட்டு, "இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு, நிம்மதி தேடி மலையடிவாரத்துக்கு வந்தவர். திரும்பிப் போனால் தெருவே சிரிக்கும்.

வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. கூடத்தில் அவரோடு இன்னும் மூன்று சீடர்கள் படுத்தார்கள். பக்கத்துப் பாய் பேச்சிமுத்து. குறட்டை. அம்மாளிடம் சொன்னார். அம்மாள் பேச்சிமுத்துவின் பாயை அந்தக் கோடிக்கு மாற்றினாள். அந்த இடத்துக்கு உலகநாதன் வந்தார். அவர் தூக்கத்தில் பாடுகிறார் என்று ஆவுடையப்பன் மறுபடி முறையிட்டார். அவர் பாயும் மாறியது. மூன்றாவது ஆள் வாயையே திறக்காதவர். அவர் மூச்சு விடுகிற சத்தம் காதைத் துளைக்கிறது என்றார் ஆவுடையப்பன்.

"எனக்குத் தனி அறை வேணும்மா. பின்னால அந்தச் சாமான் அறை சும்மாதான கிடக்கு? இதுகளோட படுத்தா நான் எங்க தியானம் பண்ண?"

"தாரேன். மொட்டைக்கோழிக்கு முதுகுல இறகு முளைக்கட்டும். முளைச்ச அன்னைக்கு அறை உங்களுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். ஆடி அமாவாசைக் கூட்டத்தையே ஒரு பஸ்ஸில் ஏற்றி இறக்கியவர். ஒரு கோழியின் முதுகு எம்மாத்திரம்?

அங்கேதான் தப்பு. கூட்டத்தை அடக்கியவர்தான், கோழியோடு பழகியவர் இல்லை.

மடத்துக் கோழி ஒன்றுகூட மடத்தில் பிறந்தது இல்லை. எல்லாம் சாமிக்கு நேர்ந்துவிட்ட கோழிகள். சுற்று ஊர்க்காரர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு கோழியை நேர்ந்துகொள்வார்கள். குணமானதும் அறுக்கக் கொண்டுவருவார்கள். "அறுக்க வேண்டாம், விட்டுட்டுப் போ" என்பாள் அம்மாள். விட்டுவிட்டுப் போவார்கள். இப்படி வீட்டுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தவை. எதற்கும் எதையும் பிடிக்காது.

கறுப்பி போலீஸ்காரர் வீட்டிலிருந்து வந்தது. அரிசி நொய் போட்டால் முதல் கொத்து அதனுடையது. மற்றது எதுவும் முந்தினால் தலையிலேயே ஒன்று விழும். டீச்சரம்மா, டீச்சர் வீட்டுக் கோழி. முட்டை போடுவதற்கு முன்னால் கத்தும், போட்ட பிறகு கத்தும், அடுத்த கோழி போட்டாலும் இதுதான் கத்தும். தபால்காரி தினமும் காலையில் ஒவ்வொரு வாசலாகப் போய்த் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வரும். ஒன்றும் எடுக்காது. சும்மா பார்க்கும். சேவலுக்கு ஜமீன் என்று பெயர். மத்தியானம்தான் கூவும். சண்டை என்றால் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும்.

மொட்டைக்குத் தினமும் கொத்து வாங்குவதுதான் வேலை. அதன் முதுகு உரித்த கோழி மாதிரி சிவந்து கிடந்தது.

"கிளம்புறது இருக்கட்டும்" என்றாள் அம்மாள், உடைந்த சட்டியைப் பார்த்தபடி. "இப்ப யாரு கொத்தினது?"

"கறுப்பிதான். வேற யாரு?"

"அப்ப அதைக் கவுத்துப் போடுங்க."

ஊரில் ஒரு வீட்டில் போய்ப் பஞ்சாரம் இரவல் வாங்கி வந்தாள். மூங்கில் கூடை. கோழியை உள்ளே விட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தால் தீர்ந்தது.

கறுப்பி உள்ளே போனது. ஆவுடையப்பன் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் மொட்டையின் முதுகில் ரத்தம். கொத்தியது டீச்சரம்மா.

"நேத்து வரைக்கும் சத்தம் மட்டும்தான போட்டுச்சு?" என்றார் ஆவுடையப்பன். அம்மாள் ஊருக்குள் போனாள். இன்னொரு பஞ்சாரம் வாங்கி வந்து கொடுத்தாள்.

டீச்சரம்மா உள்ளே போனது. மறுநாள் தபால்காரி கொத்தியது. ஒரு எறும்பைக்கூட அதட்டாத தபால்காரி!

"அடப் பாவி, நீயுமா!" என்று அதைத் துரத்திக்கொண்டு அவர் மூன்று சுற்று ஓடினார். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. தபால்காரியும் உள்ளே போனது. அதற்கும் அடுத்த நாள் ஜமீன் மரத்திலிருந்து இறங்கி வந்தது. இத்தனை நாள் இறங்காதது, இப்போது கொத்த ஆள் இல்லை என்றதும் இறங்கி வந்து கொத்தியது.

ஜமீனும் உள்ளே போனது.

பேச்சிமுத்து பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார். முற்றமெல்லாம் பஞ்சாரம்.

"என்ன கண்டக்டரே, டிக்கெட் எடுக்காததை எல்லாம் எறக்கி விட்டாச்சா? இப்ப வண்டியில யாருதான் வாரா?"

"நீரு உம்ம குறட்டையைப் பாரும்வே."

முற்றத்தில் மொட்டை மட்டும். ஆவுடையப்பன் நொய்யை அள்ளி இறைத்தார். "தின்னு. எல்லாம் உனக்குத்தான். ஒரு பய கேக்க மாட்டான்."

மொட்டை தின்னவில்லை. நொய்யைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு நேராகக் கறுப்பியின் பஞ்சாரத்துக்குப் போய், அதை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. மூங்கில் இடுக்கு வழியாகக் கறுப்பி ஒரு கொத்துக் கொத்தியது. மொட்டை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. அவ்வளவுதான். எழுந்து போகவில்லை.

விரட்டினார். வந்தது. தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் அது வந்துவிட்டது.

அம்மாளிடம் ஓடினார். "இது என்ன ஜென்மம்மா? அத்தனையையும் இதுக்காகக் கவுத்துப் போட்டிருக்கேன். இது கொத்து வாங்குததுக்குன்னே அங்க போய் உக்காருது!"

"குளிருதோ என்னமோ" என்றாள் அம்மாள்.

"வெயில் மண்டையைப் பிளக்குது!"

"ஆமா, வெயில்தான்."

இப்படிப் பதில் சொன்னால் மனுசனுக்கு எரிச்சல் வருமா வராதா?

அதற்குப் பிறகு வேலை கூடியதுதான் மிச்சம். பஞ்சாரத்துக்குப் பஞ்சாரம் தண்ணீர். பஞ்சாரத்துக்குப் பஞ்சாரம் நொய். டீச்சரம்மா உள்ளே இருந்தபடி நாள் முழுக்கக் கத்தியது. மொட்டை இளைத்துக்கொண்டே வந்தது. முதுகில் ஒரு இறகு இல்லை. தியானம் என்ற சொல்லே ஆவுடையப்பனுக்கு மறந்துபோனது.

ஒரு சாயங்காலம் தாங்கவில்லை. "கொத்திக்கிட்டுச் சாவுங்க!" என்று கல்லையெல்லாம் தள்ளினார். பஞ்சாரத்தையெல்லாம் உதைத்துப் புரட்டினார். எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. முற்றத்தில் இறகு பறந்தது. யார் பெரியவள் என்று முதலிலிருந்து சண்டை. ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டு நாளில் சத்தம் அடங்கியது.

அம்மாள் பஞ்சாரங்களைக் கழுவி, வாங்கின வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மொட்டை நொய் தின்ன ஆரம்பித்தது. முந்திக்கொண்டு தின்றது. ஆவுடையப்பன் தினமும் காலையில் அதைப் பிடித்து முதுகைப் பார்ப்பார். காயம் ஆறியது. தோல் வெளுத்தது. ஒருநாள் விரலால் தடவினால் ஊசி ஊசியாகக் குத்தியது. இறகுக் குருத்து!

"அம்மா! முளைச்சுட்டு! வந்து பாருங்க! முளைச்சுட்டு!"

அம்மாள் இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தாள். ஆவுடையப்பன் மொட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். அவள் தடவிப் பார்த்தாள்.

"ஆமா. முளைச்சிருக்கு."

"அப்ப அறை?"

"சொன்னா சொன்னதுதான்."

மொட்டையைக் கீழே விட்டார். அது இறக்கையை உதறியது. இரண்டு எட்டு நடந்தது. மண்ணில் படுத்துப் புரண்டுகொண்டிருந்த கறுப்பியிடம் போனது. அதன் முதுகில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தி, ஒரு இறகைப் பிடுங்கியது. கறுப்பி கத்திக்கொண்டு வேலியோரம் ஓடியது.

அப்போதுதான் ஆவுடையப்பன் கறுப்பியைப் பார்த்தார். அதன் முதுகில் பாதி வெறும் தோல். பழைய ரத்தம் காய்ந்திருந்தது. இன்று ஒருநாளில் நடந்த வேலை இல்லை. தினமும் ஒரு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த முதுகைப் பார்க்கவே இல்லை.

"ஏ மொட்டை!" அவர் குனிந்து அதன் முன்னால் விரலை ஆட்டினார். "உனக்காக நான் என்ன பாடு பட்டேன்? வேட்டி கிழிஞ்சுது. ஊரு சிரிச்சுது. நீ இப்படிப் பண்ணலாமா?"

மொட்டை பிடுங்கிய இறகைத் துப்பிவிட்டு நொய் பொறுக்கப் போனது.

"அம்மா, ஒரு பஞ்சாரம் எடுங்க. சீக்கிரம். இதைக் கவுத்துப் போடணும்."

"பஞ்சாரம் எல்லாம் இரவல் வாங்கினது. குடுத்தாச்சு." அம்மாள் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நீட்டினாள். "இப்ப கவுத்துப் போட நம்மகிட்ட இருக்கது அந்த ஒரு அறைதான். போய் உங்க பாயை எடுத்துட்டு வாங்க."

ஆவுடையப்பன் சாவியைப் பார்த்தார். கூடத்துப் பக்கம் பார்த்தார். பாயை எடுக்கப் போகவில்லை.