அடுப்புக்கு ஒரு குச்சி

"நான் பொய் சொல்லலீங்க, தாயி. ஆனாலும் பொய் சொன்னவனாட்டம் இருக்குது."

நாச்சிமுத்து வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார்.

பூவாத்தாள் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்ப இருந்துங்கண்ணா?"

"போன கோடையில இருந்து."

"அட, அப்ப இருந்து சுமந்துக்கிட்டா திரியறீங்க? உட்காருங்க. சுமையோட நிக்காதீங்க."

அவர் உட்காரவில்லை.

அவர் அந்த ஊரின் நகரமைப்பு அலுவலர். எந்தக் காட்டில் வீடு வரும், எந்தக் காட்டைப் பிளந்து சாலை போகும் என்பதெல்லாம் அவருடைய பென்சில் முனையில் இருந்தது. யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ பேசியதில்லை. வருகிற மழைக்காலத்தில் ஓய்வு. அன்றைக்கு மாலை போட்டு என்ன சொல்லி அனுப்புவார்கள் என்று அவருக்கு இப்போதே தெரியும். நேர்மையான மனுசன் என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் அவர் இத்தனை காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பூவாத்தாள் அவரைவிட நிரம்ப இளையவள். மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற சின்ன மடம் அவளுடையது. நாச்சிமுத்துவின் மனைவி இறந்த வருசம், சாலையை அகலப்படுத்துவதற்காக மடத்துச் சுவரை அளக்க வந்தார். சுவர் தப்பியது. அளந்து முடித்தும் எழுந்துபோக மனம் வராமல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணா. அவருக்கு அவள் தாயி. அவள் முன்னால் செருப்போடு நிற்க மாட்டார்.

"யார்கிட்டச் சொல்லாத பொய்?" என்று கேட்டாள்.

"ஊருக்கே சொல்லாத பொய்."

"பெரிய பொய்தான் அப்ப."

மடத்தை ஒட்டி ஒரு கொறங்காடு கிடந்தது. ஏர் படாத நிலம். ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டது. புல்லும், ஊடே ஊடே வெள்வேல மரமும். சுற்றிலும் ஓர் ஆள் உயரத்துக்குக் கிளுவை முள்மர வேலி. அதை நட்டவர்கள் யாரென்று சொல்ல ஊரில் ஆளில்லை. வேலியின் தூரில் கௌதாரி முட்டையிடும். உச்சியில் ஓணான் வெயில் காயும்.

போன கோடையில் அந்தக் கொறங்காட்டில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. மீதிப் பாதி இந்தக் கோடையில் ஆகப்போகிறது. அதைப் பார்வையிடத்தான் இன்று காலை ஜீப் வரும். ஜீப்புக்கு முன்னால் அவர் மட்டும் தனியே நடந்து வந்திருந்தார்.

"என்னதான் சொன்னீங்க?"

"காஞ்ச வேலின்னு சொன்னேன்."

"காஞ்சுதான இருந்துச்சு?"

"ஆமாங்க. பேருக்கு ஒரு இலை இல்லை."

"அப்பறம் என்ன? கண்ணு பார்த்துச்சு, வாய் சொல்லுச்சு."

"அதைத்தான் நானும் சொல்லிப் பார்க்கறேன். மனசு கேக்க மாட்டேங்குது."

பூவாத்தாள் களைந்த தண்ணீரை வாசல் முருங்கைக்கு ஊற்றினாள்.

"பச்சைன்னு சொல்லியிருந்தா?"

"பச்சை வேலின்னா அதை விட்டுட்டுத்தான் மனை பிரிக்கணுமுங்க. எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு விதி. நான் கொண்டாந்த விதிதான்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "காஞ்சதுன்னா எடுத்துக்கலாம். ரோடு போற வழியில வேலி குறுக்க நின்னுச்சு. பச்சைன்னா ரோட்டை வளைக்கணும். வரைபடத்தை முதல்ல இருந்து போடணும்."

"யாராச்சும் நெருக்குனாங்களா?"

"இல்லீங்க."

"மேல இருந்து மிரட்டுனாங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

அவர் வாசலுக்கு அப்பால் நின்ற வேலியைப் பார்த்தார்.

"வெயிலுங்க, தாயி" என்றார். "அன்னிக்கு நல்ல வெயில்."

பூவாத்தாள் எதற்கும் சிரிக்கிறவள். இதற்குச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மண்ணு வாரற வண்டி வந்து வேலியைப் பிடுங்கி ஓரமாக் குவிச்சுட்டுப் போச்சு" என்று அவரே தொடர்ந்தார். "அப்பறம் கோடை மழை பெய்ஞ்சுதுங்களே. அதுக்கப்புறம் ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். குவியல் துளிர்த்திருந்துச்சு."

"பிடுங்கிப் போட்டதா?"

"பிடுங்கிப் போட்டதுதான். வேரு மேல கிடக்குது, தலை கீழ கிடக்குது. எது எங்க கிடந்தாலும் இலை விட்டிருச்சு. ஒரு கௌதாரி அதைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. நுழையத் தெரியலை அதுக்கு."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"திரும்பி வந்துட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலை."

"சொல்லலை. இப்ப அதுமேல மண்ணைத் தள்ளி, பூங்கான்னு போர்டு வெச்சிருக்காங்க. நான்தான் அந்த இடத்தைப் பூங்கான்னு வரைஞ்சது."

பூவாத்தாள் பானைத் தண்ணீரில் அரிசியைப் போட்டாள். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. விறகு வைக்கிற மூலையைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"அண்ணா, வேலியில போய்க் காஞ்ச குச்சியா நாலு ஒடிச்சுட்டு வாங்க."

அவருக்கு முகம் சுருங்கியது. மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டியவனுக்கு இதுதானா பதில்?

"ஜீப் வந்துருமுங்க, தாயி."

"வரட்டும். வர்றவங்களும் கஞ்சி குடிப்பாங்க. காஞ்சதாப் பார்த்து ஒடிங்க. பச்சையைக் கொண்டாந்து போட்டா புகையில என் கண்ணு போயிரும்."

அவர் போனார்.

மீதி வேலி சாம்பல் நிறத்தில் நின்றது. இலையில்லை, பூவில்லை. எலும்பை எலும்போடு கோத்து வைத்த மாதிரி கிளை கிளையாக நின்றது. காற்று வந்தபோது அதில் அசையக்கூடியது எதுவும் இல்லை.

கைக்கெட்டிய குச்சியை ஒடிக்கப் போனார். ஒடிக்குமுன் கட்டைவிரல் நகம் அதை ஒரு கீறு கீறியது.

அவர் கீறவில்லை. நகம் கீறியது. ஆடு ஓட்டித் திரிந்த வயதில் வேலியோரம் நடக்கிறபோதெல்லாம் கீறிக்கீறிப் பழகிய நகம். எதையும் தெரிந்துகொள்வதற்காக அல்ல. விரலுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

காகிதம்போல் ஒரு தோல் சுருண்டு விலகியது. அடியில் பச்சை. ஈரமான, கண் கூசுகிற பச்சை. கிளுவை வாசம் குப்பென்று வந்தது.

அதை விட்டுவிட்டு அடுத்ததைக் கீறினார். பச்சை. அதற்கடுத்தது. பச்சை. குனிந்து தூரில் பார்த்தார். எக்கி உச்சியில் பார்த்தார். முள் மணிக்கட்டைக் கிழித்தது. துடைத்துக்கொண்டு மேலே நடந்தார். வேலி முடிகிற இடம்வரை நடந்தார். அதற்கு அப்பால் வேலி இல்லை. நேரான தார்ச்சாலை இருந்தது. மண்மேட்டின்மேல் பூங்கா என்ற போர்டு இருந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"எங்கீங்க விறகு?"

"ஒண்ணும் தேறலீங்க."

"அம்புட்டு நீள வேலியிலயா?"

"அம்புட்டும் பச்சை."

"பார்த்தா காஞ்சாப்புலதான இருக்குது! எப்படிக் கண்டீங்க?"

அவர் கையை நீட்டினார். நகக்கண்ணில் பச்சை ஏறியிருந்தது. "கீறிப் பார்த்தேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"இதையெல்லாம் யாருங்க சொல்லித் தருவாங்க? கைக்குத் தெரியும்."

பூவாத்தாள் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள். நீட்டிய அந்தக் கையைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"போன கோடையில இந்த வாசல்ல நின்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேலியை முட்டற மாதிரிதான் நின்னீங்க. அன்னிக்கு இந்தக் கை எங்கண்ணா இருந்துச்சு?"

நாச்சிமுத்து நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

கால்சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கையும் இருந்தன. ஜீப்பைவிட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொண்டுவிட்டார். வலக்கை உள்ளே வீட்டுச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அன்று மாலை வீட்டில் கை கழுவும்போது உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்ததைப் பார்த்தார். எதற்காக இப்படிப் பிடித்தோம் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கத் தொடங்குமுன் விளக்கை அணைத்துவிட்டார்.

"சாவிக்கொத்தைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க" என்றார்.

வந்ததிலிருந்து உட்காராதவர் இப்போது வாசற்படியில் உட்கார்ந்தார். தலை நிமிராமலே கேட்டார்:

"நீங்க பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. ஒரு சத்தம் குடுத்திருக்கலாமுங்களே, தாயி?"

பூவாத்தாளின் கை முந்தானை நுனியில் நின்றது.

"குடுத்திருக்கலாம்" என்றாள். "எங்க செவுத்தை ரோட்டுக்குப் போகாமக் காப்பாத்துனவரு நீங்க. உங்க கை சாவியைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. என் வாய் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

பானையில் தண்ணீர் குளிர்ந்தே கிடந்தது.

ஜீப் வந்தது.

முதலில் உதவியாளர் மயில்சாமி குதித்தார். பின்னாலேயே கொறங்காட்டின் நிலத்துக்காரர், குடையும் கையுமாக.

"ஏனுங்கய்யா, கையில ரத்தம்?" என்றார் மயில்சாமி.

"முள்ளு."

"வேலியில என்னங்க வேலை உங்களுக்கு?"

"விறகு ஒடிக்கப் போனேன்."

மயில்சாமி சிரித்தார். "ஓய்வு பெறதுக்கு முன்னாலயே அடுத்த வேலைக்குப் போயாச்சுங்களா? சொல்லியிருந்தா ஒரு லோடு இறக்கியிருப்போமே!"

நிலத்துக்காரர் ஓடிவந்து நாச்சிமுத்துவின் தலைக்குமேல் குடையைப் பிடித்தார். "வெயில்ல நிக்காதீங்க அய்யா. வந்தோம், பார்த்தோம்னு போலாம். பார்க்கறதுக்கு என்ன இருக்குது?"

வேலியருகே போய் நின்றார்கள்.

"எழுதிக்கட்டுங்களா?" என்றார் மயில்சாமி. "போன தடவையாட்டமே. காஞ்ச வேலி."

நாச்சிமுத்துவின் கை தானாகப் பைக்குள் போனது. சாவி அங்கேயே இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

மடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூரையில் புகை இல்லை. பூவாத்தாள் வாசலைவிட்டு இறங்கி, வெறுங்காலோடு வேலியை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

அவர் கையை வெளியே எடுத்தார்.

"இல்லப்பா. பச்சை."

"பச்சைங்களா?" மயில்சாமி வேலியை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு இலையைக் காட்டுங்க பார்ப்போம்."

நாச்சிமுத்து ஒரு குச்சியைப் பிடித்து நகத்தால் கீறிக் காட்டினார். பக்கத்தில் இன்னொன்று. கீழே இன்னொன்று.

மயில்சாமியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவரும் அந்த ஊர்க்காரர்தான். அவர் விரலிலும் நகம் இருந்தது. நிலத்துக்காரர் காதில் விழாமல் கிட்டே வந்து சொன்னார்:

"அய்யா, இதைப் பச்சைன்னு எழுதினா அந்தப் பக்கத்ததையும் கேப்பாங்க. ஒரே வேலி, ஒரே வெயிலு. நாமதான காஞ்சதுன்னோம்? மாலை வாங்கிட்டுப் போற நேரத்துல எதுக்குங்க இது? உங்க பேரு..."

நாச்சிமுத்து தார்ச்சாலையைப் பார்த்தார். நல்ல நேரான சாலை. பூங்காவில் போர்டைத் தவிர எதுவும் நிற்கவில்லை.

குடை நிழலைவிட்டு வெளியே வந்தார்.

"எழுதிக்க, மயில்சாமி" என்றார். "அதுவும் பச்சையாத்தான் இருந்துச்சு."