கீழத்தெருக்காரர்கள் கோலாட்டம் கற்றுக்கொண்டது

கூவாப்பட்டிக் கீழத்தெரு ஆட்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அம்மன் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் கோலாட்டம் ஆடிப் போவது பக்கத்து ஊரான நெட்டூர்க்காரர்கள் வழக்கம். ஆட்டம் எந்தத் தெருவில் நுழைகிறதோ, சப்பரமும் அந்தத் தெருவில்தான் நுழையும். நெட்டூர்க்காரர்களோ கீழத்தெருவை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மாவிளக்கும் கையுமாக வாசலில் காத்திருந்தே அந்தத் தெருப் பெண்களுக்குக் கால் கடுத்துப்போனது.

"இந்த வருஷம் நாமளே ஆடுவோம்" என்று கிளம்பினார்கள் நாலு பேர். மூத்தவர் சடையாண்டி. மற்றவர்கள் ஒச்சப்பன், சங்கிலி, வீரணன். கோலாட்டம் சொல்லிக்கொடுப்பதில் பேர்போன வெள்ளத்தாயை மலையடிப்பட்டியிலிருந்து அழைத்துவந்தார்கள். அந்த அம்மாள் ஓர் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, ஒவ்வொரு அடியாகக் கூவுவாள். கூவக் கூவ ஆடவேண்டியதுதான்.

"எல்லாரும் வட்டமா நில்லுங்க!"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் பனைமரம் மாதிரி ஆள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாத்தியாரம்மா, நான் பொறந்ததுலருந்தே நீளமாத்தானே இருக்கேன்?"

"மனசை விடாதே," என்றார் சடையாண்டி. "உக்காந்து முழங்காலைக் கட்டிக்கிட்டுத் தலையை உள்ள விடு. ஓரளவுக்கு வட்டம் வரும்."

நாலு பேரும் பூசணிக்காய் போல உருண்டு கிடந்தார்கள். ஆடுமுன் கும்பிட்டுக்கொள்வது இந்த ஊரில் இப்படித்தான் போலும் என்று வெள்ளத்தாய் சும்மா இருந்துவிட்டாள்.

"சரி, எந்திரிங்க. முன்னால மூணு அடி, பின்னால மூணு அடி!"

சங்கிலி கோலை ஓங்கி வீரணனின் நெஞ்சில் மூன்று போட்டான். திருப்பி நிறுத்தி முதுகில் மூன்று போட்டான். வீரணன் மரியாதை தெரிந்தவன்.

"என் முறை எப்ப, வாத்தியாரம்மா?"

"அய்யய்யோ! அடின்னா கோலால அடிக்கிறது இல்லப்பா, காலடி! காலடி!"

"அட, முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று சங்கிலி குனிந்து வீரணனின் காலில் மூன்று போட்டான்.

ஒத்தடம் கொடுத்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

"எதிர்ல நிக்கிறவரும் நீங்களும் இடம் மாறுங்க!"

கோலைக் கீழே வைத்துவிட்டு நாலு பேரும் போய்விட்டார்கள். வெகுநேரம் பார்த்துவிட்டு வெள்ளத்தாய் தேடிப்போனாள். வீரணன் வீட்டில் சங்கிலி கூழ் குடித்துக்கொண்டிருந்தான். சங்கிலியின் மாட்டுக்கு வீரணன் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான்.

"இவரைத் திரும்ப அனுப்பிராதீங்கம்மா," என்றாள் சங்கிலியின் மனைவி. "வந்ததும் தொழுவத்தைக் கூட்டிட்டாரு. எங்க வீட்டுக்காரர் இன்னைவரைக்கும் அதைச் செஞ்சதில்ல."

அதற்கப்புறம் வெள்ளத்தாய் உஷாரானாள். "உங்க வலது காலைத் தூக்கி, உங்களுக்கு முன்னால, தரையிலயே வைங்க!" என்று விலாவாரியாகக் கூவினாள். ஆட்டம் படிந்தது. அவள் தொண்டைதான் நாராகக் கிழிந்தது.

திருவிழா அன்று நாலு பேரும் கோலைத் தட்டிக்கொண்டு கீழத்தெருவில் நுழைந்தார்கள். சப்பரமும் பின்னாலேயே வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சடையாண்டிக்குக் கண்ணீர் தாரை தாரையாக வடிந்தது. தெரு முடிகிற இடத்தில் கோயில் பக்கம் திரும்ப வேண்டும். "திரும்பு" என்று சொல்ல வெள்ளத்தாய் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

"வாய் தெறந்துச்சு. சத்தம் வரலையே?" என்றான் ஒச்சப்பன் ஆடிக்கொண்டே.

"சத்தமில்லாம ஆடச் சொல்றாங்க" என்றார் சடையாண்டி.

கோலோடு கோல் படாமல் ஆடினார்கள். மேளக்காரர் காற்றில் தட்டினார். அப்படியே நேராகப் போய்க் களத்துமேட்டைத் தாண்டி வாய்க்காலில் இறங்கினார்கள். வெள்ளத்தாய் முன்னால் ஓடிக் கையிரண்டையும் விரித்து மறித்தாள். அவர்களும் கையிரண்டையும் விரித்துக்கொண்டு அவளைச் சுற்றிப் போனார்கள். சப்பரம் தூக்கியவர்களும் கீழத்தெருவேதான். ஆகவே நெட்டூர் வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள்.

அம்மன் தானாகத் தேடி வந்துவிட்டாள் என்று நெட்டூரில் தேங்காய் உடைத்து, "சப்பரத்தை இறக்கி வைங்க" என்றார்கள். வெள்ளத்தாய்க்கு யாரோ வெந்நீர் கொடுத்தார்கள். ஒரே ஒரு சொல்லுக்குத் தொண்டை இடம் கொடுத்தது.

"திரும்பு!"

திரும்பினார்கள். ஆடிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கோயில் வாசலில் பூசாரி மறித்தார். "அம்மன் எங்கடா?"

"நெட்டூர்ல" என்றார் சடையாண்டி. "வாத்தியாரம்மா எங்களைத்தானே திரும்பச் சொன்னாங்க?"

"சப்பரம் தூக்குனவங்களுக்கு எங்கடா போச்சு புத்தி?"

"இறக்கச் சொன்னாங்க, இறக்கிட்டோம்," என்றார்கள் அவர்கள். "தூக்கச் சொல்லலையே."

வெள்ளத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடுத்த அடி வந்துருச்சு, கவனி!" என்றார் சடையாண்டி. நாலு பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். சப்பரம் தூக்கியவர்களும் அடித்துக்கொண்டார்கள். மேளக்காரர் அதற்கேற்ற தாளம் பிடித்தார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் மலையடிப்பட்டிக்கு நடையைக் கட்டினாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

காலையில் கதவைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

வாசலில் வரிசையாக நின்ற நாலு பேரும் கொட்டாவி விட்டார்கள்.

"ஒச்சப்பா," என்று அதட்டினார் சடையாண்டி, "அவ்வளவு பெருசாத் தெறக்காதே. வாத்தியாரம்மா தெறந்த அளவுக்குத் தெற!"