கம்ப்யூட்டருக்குப் போர்த்திய உறை

ஓய்வுபெற்ற தாசில்தார் ஏகாம்பரத்துக்கு வீட்டில் துணை யாருமில்லை. அதிகாரம் மட்டும் கூடவே இருந்தது. வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அவருடைய கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பழுதுபார்க்க வந்த செல்வராணியிடம், "மேஜைமேல இருக்கற எதையும் நீ தொடக் கூடாது. ஆனா இனிமே இது அணையவும் கூடாது" என்றார்.

அவள் பார்த்தாள். அவருடைய மனைவி சாவதற்கு முன் பூப்போட்டுத் தைத்த தடித்த உறை, கம்ப்யூட்டர் பெட்டியை அடிவரை மூடியிருந்தது. காற்று போக வழியே இல்லை.

"நான் தொடாம பழுது தெரியணும்னா, நீங்கதான் சார் உதவணும்" என்றவள், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கட்டிலில் கிடந்த கம்பளியை நீட்டினாள். "இதைப் போர்த்திக்கிட்டு, மகள்கிட்ட பேசற மாதிரி பேசுங்க."

சித்திரை மாத வெயில். மாப்பிள்ளையை விசாரித்து முடிப்பதற்குள் வியர்வை வழிய, கம்பளியை உதறினார். "இப்படி மூடிக்கிட்டு மனுஷன் எப்படிம்மா பேசறது?"

"அதுவும் அதைத்தான் சொல்லுது, சார்."

ஏகாம்பரம் தானே உறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இதையும் எடுத்துட்டா வீட்டில யாரும்மா இருக்கா?"

செல்வராணி அதை வாங்கி அவர் நாற்காலியின் முதுகில் மாட்டினாள். "இப்ப கூப்பிடுங்க சார். மகளுக்கு ரெண்டு பேருமே தெரிவீங்க."