பிட்டுக்கு முளைத்த வால்

“நானூறு சொல் பாடமாக்கிப்போட்டன் பிள்ளை. ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை. வியாழக்கிழமைக் கப்பலிலை நான் போறன்.”

சொன்னவர் தில்லையர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, டென்மார்க்கில் முப்பது வருஷம் சட்டி கழுவி, கடைசியில் கிரீன்லாந்துக் கரையோரம் ஒரு சின்ன ஊரில் மீன் தொழிற்சாலைச் சமையற்காரராய் வந்து சேர்ந்த மனுஷன். வியாழக்கிழமைக் கப்பலை விட்டால் கடல் உறைந்துபோகும். பிறகு வைகாசிக்குத்தான் கப்பல்.

கேட்டுக்கொண்டிருந்தவள் அவியாயா. கடல்நாய் உரிக்கிறவள். அவருக்கு மகள் வயது. ஆனாலும் ஊர்ப் பாஷைக்கு அவள்தான் குரு. இருவரும் கதைப்பது டேனிஷில்.

“ஒரு சொல் சொல்லுங்கோ.”

“புயிசி. கடல்நாய்.”

“கடல்நாய். அதுக்கென்ன?”

தில்லையர் சொல் எழுதின கொப்பியைப் புரட்டினார்.

“இன்னொண்டு.”

“இல்லு. வீடு.”

“வீடு. அதுக்கென்ன?”

“என்ன பிள்ளை, பகிடி பண்ணுறியே?”

அவள் உரித்துக்கொண்டிருந்த கடல்நாயில் ஒரு துண்டு அரிந்தாள். பாதியை அவர் வாயில் திணித்தாள். மீதியைத் தன் வாயில் போட்டாள்.

“புயிசிதொர்புகுத்.”

“நாங்கள் கடல்நாய் தின்னுறம்... இவ்வளவும் ஒரே சொல்லோ?”

“சொல்லுக்கு வால் வைச்சால் ஓடும். உங்கட கொப்பியிலை கிடக்கிறது எல்லாம் வாலில்லாததுகள்.”

மூன்றே நாளில் தில்லையர் வால்களைப் பிடித்துவிட்டார். தின்கிற வால், கட்டுகிற வால், வேட்டைக்குப் போகிற வால். கடை வாசலில் நின்று கடல்நாய் தின்றார், வீடு கட்டினார், கலைமான் வேட்டைக்குப் போனார். எல்லாம் வாய்ச்சொல்லில்தான்.

சனம் தலையை ஆட்டிவிட்டுத் தன்பாட்டில் போனது.

புதன்கிழமை அவியாயாவிடம் திரும்ப வந்து நின்றார்.

“வாலும் வைச்சுப் பாத்திட்டன். ஒருத்தரும் மதிக்கேல்லை.”

“நீங்கள் கடல்நாய் தின்னுறனீங்களோ?”

“சீ! அண்டைக்கு நீ தந்ததே இன்னும் நெஞ்சுக்குள்ளை நிக்குது.”

“வீடு கட்டுறியளோ?”

“இல்லை.”

“பொய் சொல்லுற கிழவனோட ஆர் கதைப்பினம்?”

தில்லையருக்கு முகம் சிவந்துவிட்டது.

அவியாயா கத்தியைத் துடைத்தாள்.

“நீங்கள் என்ன தின்னுறனீங்கள்?”

அவர் விறுவிறென்று கடைக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை. கட்டின பெட்டி வாசலோரம் இருந்தது. அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. பொதியில் வரும் காய்ந்த தேங்காய்ப்பூதான், ஆனாலும் வாசம் தெருமுனை வரைக்கும் போனது. தில்லையர் கதவை ஆவென்று திறந்து விட்டார். அந்த ஊரில் விருந்தென்றால் அப்படித்தான். தட்டுவதும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை.

முதலில் அவியாயா வந்தாள். பின்னால் கடைக்காரி. பிறகு நாலைந்து வேட்டைக்காரர். வாசல் முழுக்கச் சப்பாத்து.

“இது என்ன?”

“பிட்டு.”

முதல் வாய்க்கு யோசித்தார்கள். இரண்டாம் வாய்க்கு யோசிக்கவில்லை.

அந்த நேரம் மலிக் என்கிற வேட்டைக்காரத் தடியனின் இடுப்பில் ரேடியோ கரகரத்தது. கடலில் நிற்கிற படகுக்காரன், ‘ஊரிலை ஒருத்தரையும் காணேல்லை, எங்கை எல்லாரும்?’ என்று கேட்டான்.

மலிக் தில்லையரைப் பார்த்தான். வாய் நிறையப் பிட்டோடு ரேடியோவில் கத்தினான்:

“பிட்டுதொர்புகுத்!”

வீடு அதிரச் சிரிப்பு. ரேடியோ திரும்பவும் கரகரத்தது.

“என்னவாம்?” என்றார் தில்லையர்.

“மிச்சம் இருக்கோவாம்,” என்றாள் அவியாயா. “ஐயா, கப்பல் ஊதுது.”

தில்லையர் குழலுக்குள் அடுத்த மாவைப் போட்டார்.

“கப்பல். அதுக்கென்ன?”