பதினோரு டீ

வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலைக்கான நேர்காணலுக்குப் போய்விட்டு வந்த இசக்கிமுத்துவுக்குக் கோபம் ஆறவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக நெறியாளர் தில்லைக்கரசியின் அறைக்கு வந்தான். அவனைவிட நாலே வயது மூத்தவர் அவர். அவருடைய நத்தைத் திட்டத்தில்தான் மூன்று வருடமாக உதவித்தொகை வாங்கி ஆராய்ச்சி செய்கிறான். இந்த மாதத்தோடு திட்டம் முடிகிறது. அதற்குப் பிறகு உதவித்தொகை கிடையாது. முனைவர் பட்டம் அந்தரத்தில் தொங்கும்.

“என்னாச்சு?”

“ஒரே இடம் மேடம். ‘கழிமுக நண்டுகளில் அனுபவம் இருந்தால் முன்னுரிமை’ன்னு போட்டிருந்தாங்கல்லா? அந்த அனுபவம் அவங்ககிட்டயே வேலை பாக்குத ஒருத்தனுக்குத்தான் இருக்கு. மாப்பிள்ளைய நிச்சயம் பண்ணி வச்சுட்டு ஊரைக் கூட்டி சுயம்வரம் நடத்துதானுவ! எட்டு மணி நேரம் பஸ்ல போனேன். என் ஆராய்ச்சியத் தொறந்துகூடப் பாக்கல. ஒரு டீயக் குடுத்து அனுப்பிட்டானுவ, திருட்டுப் பயலுவ!”

அவர் மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்.

“எனக்குப் புதுத் திட்டம் வந்திருக்கு. ஒரு இடம். விளம்பரம் இன்னைக்குப் போகணும். நீயே எழுது.”

இசக்கிமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உட்கார்ந்து மளமளவென்று எழுதினான். முதுநிலைப் பட்டம், மதிப்பெண், வயது வரம்பு. கடைசி வரியை யோசிக்காமலே எழுதினான்: ‘ஆற்று நத்தைகளில் மூன்று வருட அனுபவம் இருந்தால் முன்னுரிமை.’

அவர் வாசித்தார். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.

“நேர்காணல் அன்னைக்கு எத்தனை டீ சொல்லட்டும்?”

“டீயா மேடம்?”

அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து அவன் முன்னால் விரித்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய விளம்பரம். ‘ஆற்று நத்தைகளைச் சேகரித்த அனுபவம் இருந்தால் முன்னுரிமை.’ அதற்கு அடியில் அன்று நேர்காணலுக்கு வந்தவர்களின் கையெழுத்துத் தாள். பதினோரு பேர். நாலாவது அவன் கையெழுத்து.

அந்த நாள் அவனுக்கு ஞாபகம் வந்தது. கைக்குழந்தையை வெளியே தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பெண். இரவல் சட்டையின் கையைப் பத்து தடவை மடித்துவிட்டுக்கொண்ட ஒரு ஆள். பத்துப் பேரை ஜெயித்துவிட்டேன் என்று அன்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஆறாத கோபம் இப்போது அவர் பக்கம் திரும்பியது.

“இத யாரு எழுதுனா?”

“நான்தான். எம்.எஸ்ஸி.யில நத்தை பொறுக்கினவன் நீ ஒருத்தன்தான்.”

“அப்போ மத்தவங்க எதுக்கு வந்தாங்க? அவங்களுக்கு என்ன கெடச்சுது மேடம்?”

“அன்னைக்குப் பதினோரு டீ சொன்னேன். பதட்டத்துல நீ மட்டும் குடிக்கல. மத்த பத்துப் பேருக்கும் அந்த டீ கெடச்சுது.”