குதிரைத் தொட்டித் தண்ணீர்

சூரியனையே கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லி ராஜாக்கள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மருங்கூரை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். குறை என்ற பேச்சே அவன் காதுக்கு ஆகாது. சொன்னவன் முதுகில் புளியம்விளார் பேசும். வெண்சாமரம் என்கிற வெள்ளைக் குதிரைமேல் மட்டும் அவனுக்கு உயிர்.

மந்திரி குமணருக்கு ஒரே மகள், நாச்சி. ஊர்ப் பிள்ளைகளைப் போலவே அவளும் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தாள். ஊர் முழுக்கக் குடித்தது ஒரே ஊருணித் தண்ணீரை. அதைக் காக்கவேண்டிய நீர் மணியக்காரர் சேனாதிராயரோ, கரையிலேயே சாயப்பட்டறை போட்டு, கழிவை அதற்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர் அரண்மனைக் கிணற்றில்தான். அதற்கு ஈட்டிக்காரர் காவல்.

குமணர் சபையில் ஊருணியைப் பற்றி வாய் திறந்ததுமே சேனாதிராயர் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார். உள்ளே இருந்தது அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர்.

"பாருங்கள் மகாராஜா, ஊருணித் தண்ணீர்! பளிங்கு தோற்றுப்போகும். மந்திரியாருக்கு என்மேல் வயிற்றெரிச்சல்."

ராஜா முகம் சுளித்தான். "மந்திரியாரே, நாளைக்கு இதே சபையில் என் ஊருணியை நீர் புகழ வேண்டும். ஒரு சொல் குறையாக வந்தாலும் நாக்கு இருக்காது."

"உத்தரவு மகாராஜா. வெண்சாமரமும் வரட்டும். என் புகழ்ச்சியைக் கேட்க அதன் காதைப் போல இந்தச் சபையில் வேறு காது ஏது?"

ராஜாவுக்கு ஒரே பூரிப்பு.

வீட்டில் நாச்சி "தண்ணி, தண்ணி" என்று முனகினாள். கொடுக்கப் பயம், கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. குமணர் ஊருணித் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுத்தார். காய்ச்சியும் கசப்பு போகவில்லை.

மறுநாள் குதிரை வந்தது. அதன் முன்னால் ஒரு தொட்டி. காவலர்களை விட்டே ஊருணித் தண்ணீரை நிரப்பச் சொல்லியிருந்தார் குமணர்.

"மகாராஜா, சேனாதிராயரைப் போல் உண்டா! இத்தனை வருஷமாக ஊருக்கே தண்ணி காட்டிவிட்டாரே!"

"பேஷ்!" என்றான் ராஜா. சேனாதிராயர் மீசையைத் தடவிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"இன்று நானும் காட்டுகிறேன், குதிரைக்கு."

வெண்சாமரம் மோந்து பார்த்தது. மூக்கால் சீறித் தலையைத் திருப்பிக்கொண்டது. கடிவாளத்தை இழுத்தும் குனியவில்லை.

"என்ன தண்ணீர் இது?"

"ஊருணித் தண்ணீர்தான் மகாராஜா. சேனாதிராயர் தம் பட்டறைச் சாயத்தையும் தாராளமாகச் சேர்த்தது. குதிரை வேண்டாமென்கிறது. ஊர் அப்படிச் சொன்னதே இல்லை, குடித்துவிட்டது. எவ்வளவு அடக்கமான ஊர்! நான் புகழத்தான் செய்கிறேன்."

ராஜா துள்ளி எழுந்தான். "என் குதிரைக்கா இந்தச் சாக்கடை? டேய் சேனாதிராயா, நீயே குடி! இவன் பட்டறையை இடியுங்கள்!"

சேனாதிராயர் தொட்டியில் தலையைக் கவிழ்த்தார். இரண்டு மடக்குக்குள் சபை நடுவிலேயே வாந்தியெடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். குமணருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் என்ற சொல் ராஜா வாயில் ஒருமுறைகூட வரவில்லையே. பட்டறை போனாலும் ஊருணி தெளியப் பல மழை பெய்ய வேண்டும்.

"நாக்கு பிழைத்தது மந்திரியாரே! இந்தாரும் முத்துமாலை."

"மாலை வேண்டாம் மகாராஜா. வெண்சாமரத்துக்குத் தினமும் கடைத்தெருவில் வைத்து அரண்மனைக் கிணற்றுத் தண்ணீரைக் காட்டச் சொல்லுங்கள். ஜனங்கள் அதன் அழகைப் பார்க்கட்டும். தொட்டி மட்டும் பெரிதாக இருக்கட்டும், ராஜா வீட்டுக் குதிரை அல்லவா!"

அன்று மாலை குதிரை குடித்து நகர்ந்ததும் குடங்கள் முட்டிமோதின. மந்திரியும் கூட்டத்தோடு நின்று ஒரு செம்பு மொண்டுவந்தார்.

நாச்சி மடமடவென்று குடித்தாள். "இனிக்குதுப்பா. யாரு தண்ணி?"

"குதிரையோடது கண்ணு."

"அது கோவிச்சுக்காதா?"

"அது கோவிச்சுக்காது."

அதற்கப்புறம் மருங்கூர்க் கோயிலில் ராஜாவின் ஆயுளுக்கென்று யாரும் விளக்குப் போடவில்லை. குதிரையின் ஆயுளுக்குத்தான் போட்டார்கள்.