இனியாவின் பாஸ்வேர்ட்

சீடர்கள் குருவைத் தேடி மலையேறுவார்கள். மாசிலாமணி சார் மாடியேறினார். பள்ளியின் கணினி அறை அங்கேதான் இருந்தது.

சீடருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. குருவுக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. காலமெல்லாம் கணக்கு நடத்திய மனிதரின் தலையில் இந்த வருடம் ஏழாம் வகுப்புக் கணினிப் பாடத்தையும் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கணினி டீச்சர் ஜெனிட்டாவை அவர் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும்.

"குருவே, மோசம் போயிட்டேன்!"

"ஐயோ, உக்காருங்க சார். என்னாச்சு?"

ஆனது இதுதான். 'நாளைக்குப் பள்ளி விடுமுறை' என்று ஏழாம் வகுப்பு இனியாவின் பெயரில் வகுப்புக் குழுவுக்கு ஒரு செய்தி போயிருந்தது. பாதி வகுப்பு அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டது. பார்வை இல்லாத அந்தப் பிள்ளை எதையும் அனுப்பவில்லை. யாரோ அவள் கணினிக் கணக்கில் நுழைந்து செய்த வேலை. ஆனால் திட்டு விழுந்தது அவளுக்குத்தான். அழுதுகொண்டே போனவள் கணினி வகுப்புப் பக்கம் தலைகாட்டவே மாட்டேன் என்கிறாள்.

"அவ பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும் சார்?"

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான். நான்தானே தினமும் அடிச்சுக் கொடுக்கறேன்."

"எப்படி அடிப்பீங்க?"

"அவ மெல்லச் சொல்லுவா. நான் ஒவ்வொரு எழுத்தா திருப்பிச் சொல்லி, சரி பார்த்து..."

மாசிலாமணி சார் பாதியில் நிறுத்தினார். பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடத்தும் தொண்டை அவருடையது.

"போன வருஷம் எங்கிட்ட அவளே அடிப்பாளே சார்?"

"அடிப்பா. ஆனா மெதுவா. பாவம், எதுக்குக் கஷ்டப்படணும்னு நான்தான்..."

இனியா மேல் அவருக்கு அத்தனை பிரியம்.

"பத்திரமா இருக்கணும்னா அவ ஒதுங்கித்தான் இருக்கணும். எல்லாரோடயும் சேரணும்னா யாராவது அடிச்சுக் கொடுத்துத்தான் ஆகணும். ரெண்டுல எது குருவே?"

ஜெனிட்டா கையை நீட்டினார்.

"உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க சார்."

மாசிலாமணி சார் போனை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, கையால் மறைத்துக்கொண்டு பூட்டு எண்ணை அடித்துத் திறந்து நீட்டினார்.

"ஏன் சார் அந்தப் பக்கம் திரும்பினீங்க?"

"சும்மா... பழக்கம்."

ஜெனிட்டா சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வகுப்பை மேல கூட்டிட்டு வாங்க. இனியாவையும்."

இனியா முதலில் மறுத்தாள். மாசிலாமணி சார் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"என் தொண்டைதான் கண்ணு உன்னைக் காட்டிக் கொடுத்துடுச்சு. தப்பு என்னுது."

அவள் எழுந்து வந்தாள்.

மேலே ஜெனிட்டா அவளுக்கு ஹெட்ஃபோனை மாட்டினார். எந்த விசையைத் தொட்டாலும், திரையில் எது வந்தாலும் அவள் காதில் மட்டும் சொல்லும் மென்பொருளைப் போட்டுவிட்டார்.

"எல்லாரும் பாஸ்வேர்ட் மாத்தப் போறோம். ஒருத்தர் மாத்தும்போது மத்தவங்க சுவரைப் பார்த்து நிக்கணும். முதல்ல இனியா. சார், நீங்களும் நில்லுங்க."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குப் போய் நின்றார்கள். மாசிலாமணி சாரும் நின்றார்.

டக். வெகுநேரம் சத்தமே இல்லை. மறுபடி ஒரு டக். 'தப்பு' என்று இனியா ஒரு முறை முனகினாள். மாசிலாமணி சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கண்ணு, நான் வேணும்னா..."

"சார்!" என்று வகுப்பே அதட்டியது. அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அமைதியில், சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல் வந்தது. கவின்.

"இனியா, அன்னைக்கு லீவுன்னு போட்டது நான்தான். சாரி."

"தெரியும்டா. நீதான் அன்னைக்கு ஊருக்கே முதல்ல போய்க் கிரிக்கெட் ஆடினியாமே. பேசாம இரு, கவனம் சிதறுது."

சிரிப்பு வெடித்தது. டக், டக், டக்.

"உள்ளே வந்துட்டேன்!"

யாரும் திரும்பாமலே கை தட்டினார்கள். அதற்குப் பிறகு "அடுத்தது நான், அடுத்தது நான்" என்று அடிதடி. மணி அடித்தும் யாரும் இறங்கவில்லை.

கடைசியில் மாசிலாமணி சார் இனியாவின் பக்கத்தில் குனிந்தார்.

"என்ன வெச்சிருக்கே கண்ணு? மறந்துட்டீன்னா?"

"சொல்ல மாட்டேன் சார்."

அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பிள்ளைகள் இறங்கிப் போனபின் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:

"குருவே, பீரியட் முழுக்க நான் ஒண்ணுமே நடத்தலையே. சுவரைப் பார்த்துட்டு நின்னேன், அவ்வளவுதானே?"

"அதைத்தான் சார் நடத்தினீங்க" என்றார் ஜெனிட்டா.